எங்க நாய் மணி ராத்திரில தரைய நக்குறான், லாஃப்ட்ட பாத்து நிக்கிறான், ஊளை விடுறான். வீட்டுல எல்லாரும் பயந்து போயிருக்காங்க

நங்கநல்லூர்_விஜி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், நாய் வளத்தவங்க பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க ப்ளீஸ், வீட்டுல நிம்மதியே இல்ல.

எங்க மணிக்கு பத்து வயசு ஆகப்போகுது. நாட்டு நாய்தான், குட்டியா மழையில நனைஞ்சுட்டு கிடந்தப்ப என் வீட்டுக்காரர் தூக்கிட்டு வந்தது. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தப்ப மொதல்ல என்கிட்ட ஒட்டிக்கிட்டது அவன்தான். கருத்தடை ஆயிடுச்சு, ரேபிஸ் ஊசி வருஷம் தவறாம போட்டுட்றோம். சாயங்காலம் ஆறு மணிக்கு சிக்கன் சாதம், அப்புறம் காலைல எட்டு மணிக்கு மேல தயிர் சாதமும் முட்டையும், ரொம்ப வருஷமா இதான் அவனுக்கு.

சில வேலை சின்ன வயசுலேந்தே பண்ணுவான். படுக்கறதுக்கு முன்னாடி சாக்க பிறாண்டி பிறாண்டி, சுத்தி சுத்தி வந்துதான் படுப்பான். வாக்கிங்ல ஆய் போக இடம் தேடவே பாதி தெரு ஆயிடும், போயிட்டு பின்னங்காலால மண்ண வாரி இறைப்பான். கோயில் மணி கேட்டாலும் ஆம்புலன்ஸ் போனாலும் தலைய தூக்கிட்டு ஊளை விடுவான். இதெல்லாம் எங்களுக்கு பழகிப்போச்சு.

இப்ப கொஞ்ச நாளா வேற மாதிரி இருக்கான். நடுராத்திரி எழுந்து ஹால் டைல்ஸ நக்குறான், ஒரே இடத்த ரொம்ப நேரம் நக்குறான், நடுநடுவுல எச்சில் முழுங்குறான். சில நாள் விடிகாலைல மஞ்சளா நுரை மாதிரி வாந்தி. வாக்கிங் போனா புல்ல மேயுறான். இன்னொன்னு, லாஃப்ட் இருக்கிற சுவத்துக்கு கீழ போய் நின்னுகிட்டு மேலயே பாக்குறான், அங்க ஒன்னுமே இல்ல, எங்க கண்ணுக்கு எதுவும் தெரியல. அப்புறம் இத்தனை வருஷமா தலைக்கு மேல ஃப்ளைட் இறங்கினாலும் காத கூட அசைக்காதவன் இப்ப குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடில போயிடுறான்.

பிரச்சனை என்னன்னா பின்தெருவுல ஒரு தாத்தா தவறிட்டார், அன்னிக்கு மணி ஊளை விட்டான். எங்க மாமாவுக்கு போன வருஷம்தான் ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. அத்தை அதையும் இதையும் முடிச்சு போட்டுட்டு, நாய் கண்ணுக்கு எமன் தெரியும், அது மேலயே பாத்துட்டு நிக்குது, எனக்கு பயமா இருக்கு, செங்கல்பட்டு பக்கம் யார் தோட்டத்துலயாவது கொண்டு விட்டுடுங்கனு தினம் அழறாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல, பயந்து போயிருக்காங்க. ஆனா பத்து வயசு நாய எப்படிங்க கொண்டு விடறது. இதுல எது சாதாரணம், எதுக்கு டாக்டர்கிட்ட போகணும், அத்தைகிட்ட என்ன சொல்லணும்னு யாராவது சொல்லுங்க.

பெரம்பூர்_சாந்தி:

விஜிம்மா, மொதல்ல ஒன்னு, தோட்டத்துல விடுற பேச்சே வேணாம். வீட்டுலயே வளந்த நாய புது இடத்துல விட்டா அங்க இருக்கிற நாய்ங்க சேத்துக்காது, வழி தேடி ரோட்டுக்கு வந்துடும். அதுவும் பத்து வயசுல. நான் எங்க ஏரியால தெருநாய்ங்களுக்கு சாப்பாடு போடறவ, இப்படி கொண்டு வந்து விட்டுட்டு போன நாய்ங்க என்ன ஆகுதுனு பாத்துட்டு சொல்றேன்.

பழைய பழக்கத்த பத்தி கவலைப்படாதீங்க. சுத்தி வந்து படுக்கறது எல்லா நாயும் பண்ணும், காட்டுல இருந்த காலத்துல புல்ல மிதிச்சு சமப்படுத்தி, பூச்சி பொட்டு இருக்கானு பாத்து படுத்த பழக்கம் உடம்புலயே தங்கிடுச்சுனு சொல்வாங்க. பிறாண்டுறதும் அதே கதைதான், நம்ம ஊர் வெயில்ல தெருநாய் மண்ண தோண்டிட்டு அந்த குழிக்குள்ள படுக்கறத பாத்திருப்பீங்க, மேல் மண்ணு சுடும், கொஞ்சம் தோண்டினா கீழ ஜில்லுனு இருக்கும். ஆய் போயிட்டு மண்ண தள்ளுறது மூடறதுக்குனு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லமா, பாதத்துல விரலுக்கு நடுவுல வாசனை சுரப்பி இருக்கு, அந்த வாசனைய தரையில தேச்சு, கூடவே பிறாண்டின தடத்தையும் விட்டுட்டு போறது. நான் இங்க வந்தேன்னு அடுத்த நாய்க்கு சொல்ற சேதி அது. நல்லா பாருங்க, பாதி நேரம் மண்ணு ஆய் மேல விழவே விழாது.

இடம் தேடி சுத்துறதுக்கு கூட ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2013ல செக் நாட்டுக்காரங்களும் ஜெர்மனிக்காரங்களும் சேந்து 37 இனத்துல 70 நாய வச்சு பாத்தாங்க, பூமியோட காந்தப்புலம் அலைபாயாம அமைதியா இருக்கிற நேரத்துல நாய்ங்க வடக்கு தெற்கா உடம்ப வச்சுதான் ஆய் போக பிடிக்குதுனு எழுதினாங்க. நீங்க இத வச்சு எதுவும் பண்ண வேண்டியதில்ல, நம்ம மூளைக்கு எட்டாத விஷயம் எவ்வளவோ அதுங்களுக்கு எட்டுதுனு தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன்.

இப்ப ஊளை. இதத்தான் அத்தைகிட்ட பொறுமையா பேசணும். ஊளைங்கறது நாய்க்கு தூரத்துல இருக்கிறவங்ககூட பேசற சத்தம், ஓநாய் வழில வந்தது. நீளமா இழுத்து ஒரே ஸ்வரத்துல வர்ற எந்த சத்தம் கேட்டாலும் அதுக்கு இன்னொரு நாய் கூப்பிடற மாதிரி இருக்கும், பதில் குடுக்கும். ஆம்புலன்ஸ் சைரன் அப்படித்தான். இப்ப யோசிச்சு பாருங்க, நம்ம ஊர்ல சாவு விழுந்தா என்ன பண்ணுவாங்க? சங்கு ஊதுவாங்க, சேகண்டி அடிப்பாங்க. சங்கு சத்தத்த விட ஊளை மாதிரி இழுத்து வர்ற சத்தம் வேற என்ன இருக்கு? நம்ம காதுக்கு லேசா கேக்கறது அதுக்கு எவ்வளவோ தூரத்துலேந்தே கேக்கும். நம்ம தெருவுக்கு சேதி வர்றதுக்கு முன்னாடியே பின்தெரு சங்கு அது காதுல விழுந்துடும், உடனே ஊளை விடும், அப்புறம்தான் நமக்கு யாரோ போயிட்டாங்கனு தெரியும். நாய் ஊளை விட்டுது, ஆள் போயிட்டாருனு நம்ம மனசு வரிசைப்படுத்திக்குது. தலைமுறை தலைமுறையா இதான் நடந்திருக்கும்னு நான் நினைக்கறேன். அதுவும் இல்லாம எத்தனையோ ராத்திரி ஊளை விட்டு ஒன்னும் ஆகல, அத யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. அந்த தாத்தா வீட்டுல எப்ப சங்கு ஊதினாங்க, மணி எப்ப ஊளை விட்டான்னு முடிஞ்சா கேட்டு பாருங்க.

புல் மேயறதுக்கும் பயப்படாதீங்க. வயிறு சரியில்லனாதான் புல் தின்னும்னு சொல்வாங்க, ஆனா 2008ல அமெரிக்காவுல டேவிஸ் யூனிவர்சிட்டில நாய் வளக்கறவங்ககிட்ட சர்வே எடுத்தாங்க, தின்னறதுக்கு முன்னாடி உடம்பு முடியாம இருந்த மாதிரி தெரிஞ்சுதுனு சொன்னது 8 சதவீதம் பேர்தான், தின்னுட்டு வாந்தி எடுக்கும்னு சொன்னது 22 சதவீதம். மீதியெல்லாம் சும்மா தின்னுட்டு போயிடுது. நல்லா இருக்கிற நாயும் தின்னும், அருகம்புல்லுனா ஆசையா தின்னும்.

அந்த ராத்திரி நக்குறது, மஞ்ச வாந்தி, குக்கர் பயம், இதெல்லாம் எனக்கு சரியா படல. டாக்டர் யாராவது இருந்தா சொல்லுங்க.

வேளச்சேரி_குமார்:

எங்க லேப்ரடார் நாய் கூட தரைய நக்கும் சிஸ்டர். அதட்டினா நிறுத்திடும். ஒரு நியூஸ்பேப்பர சுருட்டி பக்கத்துல தரையில ஒரு தட்டு தட்டுங்க, புரிஞ்சுக்கும். தப்பு பண்ணினா அதுக்கே தெரியும், நாங்க உள்ள வந்தாலே தலைய தொங்கப்போட்டு கண்ண இறக்கிட்டு நிக்கும், அப்பவே எதையோ கடிச்சு வச்சிருக்குனு புரிஞ்சுடும். அத்தைக்கு மன ஆறுதலுக்கு ஒரு தாயத்து வேணா மணி கழுத்துல கட்டி விடுங்க, அதுல நஷ்டம் ஒன்னும் இல்ல.

வேப்பேரி_வெட்:

நான் கால்நடை டாக்டர். நாய பாக்காம இதான் வியாதினு எழுதறது தப்பு, அதனால எதை எதை பாக்கணும்னு மட்டும் சொல்றேன்.

குமார் சார், அதட்ட வேணாம்னு கேட்டுக்கறேன். பத்து வயசு நாய் புதுசா ஒரு காரியத்த ஆரம்பிச்சுதுனா மொதல்ல உடம்ப பாக்கணும், குணத்த பத்தி அப்புறம் பேசிக்கலாம். எங்ககிட்ட வர்ற நிறைய பேர் நாய் திடீர்னு பிடிவாதம் பிடிக்குது, மாறிடுச்சுனு சொல்லித்தான் கூட்டிட்டு வருவாங்க, பாத்தா காது சீழ் பிடிச்சிருக்கும், பல்லு அழுகியிருக்கும், இடுப்பு வலி இருக்கும். வாய் பேச முடியாத ஜீவன், வலிய வேற எப்படி காட்டும்.

விஜி, நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது தரைய நக்குறதுதான். 2012ல கனடாவுல மாண்ட்ரியால்ல இதே மாதிரி தரை, சுவர்னு ஓயாம நக்குற 19 நாய்ங்கள முழுசா பரிசோதிச்சாங்க, அதுல 14 நாய்க்கு வயித்துலயோ குடல்லயோ ஏதாவது கோளாறு இருந்துது, அதுக்கு மருந்து குடுத்ததும் பாதிக்கு மேல நக்குறது நல்லா குறைஞ்சுது. அதுக்கு முன்னாடி வரைக்கும் இத வெறும் மனசு சம்பந்தப்பட்ட பழக்கம்னுதான் பெரும்பாலும் பாத்துட்டு இருந்தாங்க. உங்க மணி நக்குறதோட எச்சில் முழுங்குறான், விடிகாலைல மஞ்சளா வாந்தி எடுக்கறான்னு சொல்றீங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பிட்டு காலைல எட்டு மணி வரைக்கும் வெறும் வயிறு. அவ்வளவு நேரம் காலியா கிடந்தா சில நாய்க்கு பித்தநீர் இரைப்பைக்கு எதுக்கி வந்து குமட்டும், அந்த குமட்டலுக்கு நக்கும், புல் தேடும். சின்ன வயசுல தாங்கின உடம்பு வயசானா தாங்காது. அதே நேரம் கிட்னி, கல்லீரல், கணையம் எதுல கோளாறு வந்தாலும் இதே குமட்டல் வரும், அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணாம நீங்களே சாப்பாட்ட மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க. நம்ம ஊர்ல உண்ணி காய்ச்சலையும் சேத்து பாத்துடணும், உண்ணி ஒன்னு கூட கண்ணுல படலனாலும் வந்திருக்கலாம், ஈறு வெளிறி இருக்கானு உதட்ட தூக்கி பாருங்க.

சாந்தி மேடம் சொன்ன சர்வே சரிதான், புல் தின்னறது மட்டும்னா நானும் விட்டுடுங்கனுதான் சொல்வேன். எப்பவும் தின்னாத நாய் புதுசா தின்ன ஆரம்பிச்சு கூடவே வாந்தியும் இருந்தா அந்த கணக்கு வேற.

அடுத்தது லாஃப்ட்ட பாத்து நிக்கிறது. இதுக்கு நாலஞ்சு காரணம் இருக்கலாம், ரொம்ப சாதாரணமானது சத்தம். நம்ம காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும். எலிங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கற சத்தத்துல நிறைய நம்ம காதோட எல்லைக்கு மேலதான் இருக்கு. நமக்கு அமைதியா இருக்கிற லாஃப்ட் அவனுக்கு சந்தைக்கடை மாதிரி இரைச்சலா இருக்கலாம். மொதல்ல லாஃப்ட்ல இருக்கிற சாமான இறக்கி பாருங்க, எலிப்புழுக்கை கிடக்குதானு.

எலி எதுவும் இல்லனா அவன் நிக்கும்போது பேர சொல்லி கூப்பிடுங்க, பிஸ்கட் டப்பாவ ஆட்டுங்க. சட்டுனு திரும்பி வாலாட்டிட்டு வந்தான்னா நினைவோட எதையோ கவனிச்சுட்டு இருக்கான்னு அர்த்தம். கூப்பிட்டாலும் திரும்பல, கண்ணு நிலைகுத்தி இருக்கு, உதடு துடிக்குது, இல்ல இல்லாத ஈய பிடிக்கற மாதிரி காத்துல கடிக்கறான்னா வலிப்போட ஒரு வகையா இருக்கலாம், அந்த ஈ பிடிக்கற மாதிரி கடிக்கறது வயித்து கோளாறுலயும் வரும். வயசான நாய்க்கு மூளை தேய்மானமும் வரும், மனுஷங்களுக்கு மறதி வர்ற மாதிரி, ராத்திரி தூங்காம நடக்கும், மூலைக்குள்ள போய் நின்னுட்டு வெளிய வர தெரியாம முழிக்கும், கதவு திறக்கிற பக்கம் விட்டுட்டு கீல் இருக்கிற பக்கம் போய் நிக்கும், வீட்டுக்குள்ள ஒன்னுக்கு போயிடும். ஒரு விஷயம் மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, சுவர பாத்து நிக்கிறது வேற, சுவத்துல நெத்திய முட்டி அழுத்திக்கிட்டே நிக்கிறது வேற. ரெண்டாவது நடந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அது அவசரம்.

குக்கர் பயம். 2018ல வந்த ஒரு ஆராய்ச்சி, இங்கிலாந்துல லிங்கன் யூனிவர்சிட்டில பண்ணது, சத்தத்துக்கு பயப்படற 20 நாய்ங்கள எடுத்துகிட்டாங்க, பத்து நாய்க்கு எலும்பு, தசை, மூட்டு இப்படி எங்கயாவது வலி இருக்கு, பத்துக்கு இல்ல. வலி இருந்த நாய்ங்களுக்கு அந்த பயம் வயசான பிறகுதான் ஆரம்பிச்சிருந்துது. திடுக்குனு சத்தம் கேட்டா உடம்பு விறைக்கும், விறைச்சா வலிக்கற இடம் இன்னும் வலிக்கும், அப்புறம் சத்தம்னாலே வலினு மனசுல பதிஞ்சுடும்னு அவங்க விளக்கம் சொல்றாங்க. ஃப்ளைட்டுக்கே அசையாத நாய் பத்து வயசுல குக்கருக்கு ஒளியறான்னா நான் இடுப்பையும் முதுகையும் தொட்டு பாக்காம அனுப்ப மாட்டேன்.

கிளினிக்குக்கு வந்தா நாய் பயத்துல இதுல எதையுமே பண்ணாது, நல்ல பிள்ளையா உக்காந்துட்டு போயிடும். அதனால ராத்திரி அவன் நக்கும்போதும் நிக்கும்போதும் ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு போங்க, எத்தனை மணி, கடைசியா எப்ப சாப்பிட்டான்னு எழுதி வச்சுக்கோங்க. பக்கத்துல உங்களுக்கு பழக்கமான டாக்டர் இருந்தா அங்கயே போங்க, இல்லனா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வாங்க, 1903லேந்து இருக்கிற காலேஜ், எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாம் ஒரே இடத்துல பாத்துடலாம். கூட்டம் இருக்கும், காலைலயே வந்துடுங்க.

சாத்தூர்_மாமா:

டாக்டர் எழுதினதுக்கு மேல மருத்துவம் பேச எனக்கு தகுதி இல்ல. நான் இப்ப அம்பத்தூர்ல இருக்கேன், பொறந்தது சாத்தூர் பக்கம், எங்க வீட்டுல தாத்தா காலத்துலேந்து சிப்பிப்பாறை நாய் வளத்தோம். அந்த அனுபவத்துல ரெண்டு வார்த்தை சொல்றேன்.

குமார் தம்பி, தலைய தொங்கப்போட்டா தப்பு தெரிஞ்சுடுச்சுனு நீங்க சொல்றது ஊர்ல எல்லாரும் நம்பறதுதான். நானும் மாட்டுக்கொட்டாய் காலத்துலேந்து கேட்டிருக்கேன். ஆனா 2009ல நியூயார்க்ல ஒரு அம்மா, அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு பேரு, 14 நாய வச்சு சோதிச்சு பாத்தாங்க. தின்னக்கூடாதுனு சொல்லி ஒரு பண்டத்த வச்சுட்டு எஜமான் வெளிய போகணும். நாய் தின்னுதா இல்லையானு திரும்பி வர்றவங்ககிட்ட சில நேரம் மாத்தி சொல்லி விட்டாங்க. ஒன்னுமே தின்னாத நாயும் திட்டு வாங்கினப்ப அதே மூஞ்சிதான் காட்டுச்சு, சொல்லப்போனா தின்னாம திட்டு வாங்கினதுதான் இன்னும் அதிகமா காட்டுச்சு. அதாவது நம்ம குரல், நம்ம நிக்கிற தோரணை, அதுக்கு பதில்தான் அந்த மூஞ்சி. என்ன அடிக்காதீங்கனு கெஞ்சறது. அத தப்ப ஒத்துக்கறதா எடுத்துகிட்டு மேல மேல திட்டினா அந்த ஜீவனுக்கு என்ன புரியும் சொல்லுங்க. குமட்டலுக்கு தரைய நக்குற நாய பேப்பர தட்டி நிறுத்தினா நக்குறது நிக்கும், குமட்டல் நிக்காது, அடுத்த தடவை உங்களுக்கு தெரியாம கட்டிலுக்கு அடில போய் நக்கும். அப்புறம் கண்டுபிடிக்கறது இன்னும் கஷ்டம்.

தாயத்து கட்டறது உங்க இஷ்டம்மா விஜி, கட்டினா கழுத்துல இறுக்காம, எதுலயும் மாட்டிக்காம பாத்துக்கோங்க. சாந்திம்மா புல் விஷயத்துல எனக்கு ஒரு பயம் உண்டு. அந்த காலத்துல காட்டு புல், இப்ப ஃப்ளாட்ல, பார்க்ல எல்லாம் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடிக்கறாங்க. எந்த புல்லுனு தெரியாம மேய விடாதீங்க. ஒரு தொட்டியில அருகம்புல்ல நீங்களே வச்சு விடுங்க, பிள்ளையாருக்கும் ஆச்சு அவனுக்கும் ஆச்சு.

உங்க அத்தை விஷயம்தான் எனக்கு மனசுல நிக்குது. எனக்கும் அவங்க வயசுதான் இருக்கும். அவங்களுக்கு பயம் நாய் மேல இல்லம்மா, மாமா உடம்பு மேல. ஸ்டென்ட் வச்ச வீட்டுல ராத்திரி ஒரு டம்ளர் விழுந்தாலும் நெஞ்சு படபடக்கும். அவங்ககிட்ட போய் இதெல்லாம் மூடநம்பிக்கைனு படிச்சவங்க மாதிரி பேசிடாதீங்க, வாய மூடிப்பாங்க, பயம் போகாது. டாக்டர்கிட்ட போகும்போது அவங்களையும் கூட்டிட்டு போங்க. அவங்க கண்ணால பாக்கணும், டாக்டர் இடுப்ப அமுக்கும்போது அவன் எப்படி துடிக்கறான்னு அவங்க பாக்கணும். முடியாம கிடக்கிற ஜீவன்னு தெரிஞ்சுட்டா அந்த தலைமுறை பொம்பளைங்க வெளிய அனுப்ப மாட்டாங்க, சோறு ஊட்டுவாங்க.

நங்கநல்லூர்_விஜி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, போய்ட்டு வந்து எழுதலாம்னுதான் இவ்வளவு லேட்டு.

சாத்தூர் மாமா சொன்ன மாதிரி அத்தையையும் கூட்டிட்டு போனோம். வீடியோவ காட்டினதும் டாக்டர் ரெண்டு தடவை போட்டு பாத்தார். ரத்தம் எடுத்தாங்க, கிட்னி, கல்லீரல் நல்லா இருக்கு, உண்ணி காய்ச்சலும் இல்ல. வயித்துல ஆசிட் பிரச்சனைனு மாத்திரை குடுத்திருக்காங்க, ராத்திரி பத்து மணிக்கு படுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சாதம் போட சொன்னாங்க. அப்புறம் இடுப்புல கை வச்சு காலை பின்னாடி இழுத்தப்ப மணி திரும்பி டாக்டர் கைய வாயால பிடிச்சுட்டான், கடிக்கல, பிடிச்சுகிட்டு அப்படியே பாத்தான். அவன் யாரையும் அப்படி பண்ணவே மாட்டான். எக்ஸ்ரேல ரெண்டு இடுப்பு மூட்டும் தேஞ்சிருக்கு. அத்தைக்கு முட்டி தேய்மானம் இருக்கு, டாக்டர் அந்த எக்ஸ்ரேவ வெளிச்சத்துல வச்சு காட்டினதும் அவங்களுக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

லாஃப்ட்ட கிளறினோம், பழைய பேப்பர் கட்டுக்கு பின்னாடி எலி கூடு கட்டி குட்டி போட்டிருக்கு. சுவத்து பக்கம் கயிறு வழியா ஏறியிருக்கும் போல. நாங்க ஒரு சத்தமும் கேக்கல, அவன் மட்டும்தான் கேட்டிருக்கான்.

நக்குறது ரொம்ப குறைஞ்சிருக்கு, மஞ்ச வாந்தி அப்புறம் வரல. குக்கருக்கு இன்னும் பயப்படறான், அதுக்கு நாள் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார், விசில் வர்றதுக்கு முன்னாடி அவன பின் ரூம்ல விட்டு ஃபேன் போட்டு கதவ சாத்திட்றோம். சங்கு விஷயம் அத்தைகிட்ட சொன்னேன் சாந்தி அக்கா. பின்தெருவுல கேட்டதுல அன்னிக்கு விடிகாலைலயே சங்கு ஊதிட்டாங்களாம், மணி ஊளை விட்டது நாங்க பால் வாங்க எழுந்தப்ப. அத்தை ஒன்னும் பதில் சொல்லல. இன்னும் முழுசா நம்பலனுதான் நினைக்கறேன், ஊளை விட்டா இப்பவும் பூஜை ரூமுக்கு போயிடுவாங்க. ஆனா தோட்டத்துல விடற பேச்சு நின்னுடுச்சு. ராத்திரி பத்து மணி சாதத்த அவங்கதான் பிசைஞ்சு போடறாங்க.

ரெண்டு சந்தேகம். எலிக்கு மருந்து வைக்கலாமானு வீட்டுக்காரர் கேக்கறார். இன்னொன்னு, அத்தை அவங்க முட்டி வலி மாத்திரைல பாதி உடைச்சு மணிக்கும் குடுக்கலாமானு கேக்கறாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே வலிதானேனு சொல்றாங்க.

வேப்பேரி_வெட்:

ரெண்டுமே வேணாம் விஜி, அத்தைகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. மனுஷங்களுக்கு குடுக்கற வலி மாத்திரை நாய்க்கு ஆபத்து. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் வயித்துல புண்ணாகி ரத்தம் கசிய வைக்கும், கிட்னிய கெடுக்கும், அதுவும் மணிக்கு ஏற்கனவே வயிறு சரியில்ல. காய்ச்சலுக்கு போடற பாராசிட்டமாலும் நீங்களா குடுக்கக்கூடாது, கல்லீரல பாதிக்கும். நாய்க்குனே தனியா மூட்டு வலி மருந்து இருக்கு, எடை பாத்து அளவு சொல்லணும், வயித்து மாத்திரை முடிஞ்சதும் உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் டைல்ஸ் வழுக்காம அவன் நடக்கிற வழில ரப்பர் மேட் போடுங்க, கட்டில்லயும் சோஃபாலயும் தாவ விடாதீங்க, எடை ஏறாம பாத்துக்கோங்க.

எலி மருந்துல நிறைய வகை ரத்தம் உறையாம பண்ற விஷம். மணி நேரா தின்னாலும் ஆபத்து, மருந்து தின்னு செத்த எலிய வாயில வச்சாலும் ஆபத்து, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் அறிகுறியே தெரியும். பொறி வைங்க, லாஃப்ட் மேலயே வைங்க, அவனுக்கு எட்டாத இடத்துல. அந்த கயிற கழட்டிடுங்க, பேப்பர் கட்ட பழைய பேப்பர்காரருக்கு போட்டுடுங்க.